உச்சரிப்பைப் பழிக்கும் நண்பர்கள்

கேள்வி: லண்டனில் என்னுடன் பணிபுரியும் ஸ்காட்லாந்துக்காரர் வாய் திறந்தாலே, ஆங்கிலேய நண்பர்கள் அவருடைய உச்சரிப்பைப் பழித்துக் காட்டி, ‘கஞ்சன்’ என்று சிரிக்கிறார்கள், நான் என்ன செய்வது?

பதில்: 1707-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடாளுமன்றங்கள் இரண்டும் ஒன்றான பிறகும், ஸ்காட்லாந்து வங்கி அச்சிட்ட பவுண்டு நோட்டை லண்டன் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது அந்த ஸ்காட்லாந்துக்காரருக்குள் ஏதோ சுருக்கென்று தைத்திருக்கும். அவரும் பதிலுக்குக் கிண்டலடித்தால் அது நட்பு, முகம் சுருங்கிப் பேச்சைக் குறைத்துக்கொண்டால் அது காயம். முதலில் அவரிடம் தனியே கேளுங்கள். பிறகு, கேலி தொடங்கும் அந்த நொடியிலேயே, “அவர் சொல்ல வந்ததை முடிக்கட்டும்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கும் நிற்காவிட்டால், இனம் என்பதற்குள் தேசியப் பூர்வீகத்தையும் அடக்கும் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பணியிடத்துக்கும் பொருந்துவதால், நாளையும் சொல்லையும் குறித்து வைத்துக்கொண்டு மேலாளரிடம் அவர் எழுத்துமூலம் புகார் தரலாம். சாட்சியாக நீங்கள் உடன் நில்லுங்கள்.