புது வைரஸ் வந்தால் காவடியை நிறுத்துவதா? ஒரு கோயில் கமிட்டியின் கேள்வி

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் கமிட்டியின் செயலாளர். கொரோனா காலத்தில் எங்கள் கமிட்டி இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சிலர் இன்றும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அம்மன் பார்த்துக்கொள்வாள், திருவிழாவை நிறுத்தாதே" என்றது ஒரு பக்கம். "ஒரு உயிர் போனால் யார் பொறுப்பு? கேட்டைப் பூட்டு" என்றது இன்னொரு பக்கம். நாளைக்கே வேறொரு புது வைரஸ் வந்தால் மறுபடியும் இதேதான் நடக்கும். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதா, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்ய எங்கள் விதிகளில் என்ன எழுதி வைக்கலாம்? சாவு வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: நோய் இல்லாத நேரத்தில் கேட்கிறீர்கள். இதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நோய் வந்த பிறகு கமிட்டி கூடினால் அங்கே பயமும் கோபமும்தான் பேசும்.

உங்கள் இரு தரப்பாரும் திருவிழாவை ஒரே பொருளாகப் பார்த்ததுதான் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். தைப்பூசம் ஒரே கூட்டமா என்ன? கொடியேற்றத்துக்கு வருகிறவர்கள் திறந்த முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். அலகு குத்தும் இடத்தில் பத்துப் பேர் முகத்தோடு முகம் ஒட்டி, 'வேல் வேல்' என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். ஊர்வலம் வெட்டவெளியில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் எல்லாரும் மண்டபத்துக்குள் வந்து, வரிசையாக உட்கார்ந்து, சாப்பிட்டபடியே ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். ஒரு வைரஸின் கண்ணில் இவை நான்கும் வேறு வேறு இடங்கள். எதை முதலில் விடுவது, எதைக் கடைசிவரை காப்பாற்றுவது என்று இப்போதே வரிசைப்படுத்தி எழுதிவிட்டால், 'நடத்துவதா நிறுத்துவதா' என்ற சண்டைக்கே இடம் இருக்காது.

அந்த வரிசை நோய்க்கு நோய் மாறும். அதனால் விதியில் முதலில் வர வேண்டிய கேள்வி: இது எப்படிப் பரவுகிறது? காலரா என்றால் ஊர்வலத்தால் ஆபத்தில்லை. பானகமும் தீர்த்தமும் அன்னதானமும்தான் ஆபத்து. 2024இல் நம் நாட்டில் தலைகாட்டிய குரங்கம்மை பெரும்பாலும் தோலோடு தோல் நெருங்கிப் பழகுவதால் பரவுவது. அதற்காகக் கோயிலைப் பூட்டுவதில் பயன் குறைவு. எபோலா என்றால் இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவதே கொல்லும். தட்டம்மையோ, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் நிற்கும்.

இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: காய்ச்சல் வருவதற்கு முன்பே பரப்புமா? 2003இல் வந்த சார்ஸ், நோயாளி நன்றாகப் படுத்த பிறகுதான் அதிகம் பரவியது. அதனால் காய்ச்சல்காரரைத் தனியாக வைத்தே அதை அடக்க முடிந்தது. கோவிட் அறிகுறி தெரியும் முன்பே பரவியது. வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானித் துப்பாக்கியை எத்தனையோ பேர் தாண்டிப் போனதற்கு அதுதான் காரணம்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாட்ஸப்பில் வருவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பதில் தெளிவாகும்வரை, முதல் சில வாரங்களுக்குக் காற்றில் பரவுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனமே 'கோவிட் காற்றில் பரவுவதில்லை' என்று அடித்துச் சொன்னது. பின்னால் மாற்றிக்கொண்டது. அந்த இடைவெளியில் ஊர் ஊராக எல்லாரும் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறக்கச் சொன்னவர்கள் குறைவு.

அந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கோயில் மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ஜன்னல்களைச் சாத்தி, கம்பி போட்டிருப்போம். மேலே மின்விசிறி சுற்றும். வசதியுள்ள கோயிலில் ஏசி ஓடும். மின்விசிறி இருக்கிற காற்றைக் கலக்குகிறது, அவ்வளவுதான். சுவரில் மாட்டும் சாதாரண ஏசியும் உள்ளே இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. வெளிக்காற்று உள்ளே வருவதே இல்லை. அங்கே ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் வாடை எங்கெல்லாம் எட்டுமோ, அவர் மூச்சில் இருக்கும் வைரஸும் அங்கெல்லாம் எட்டும். பஜனை பாடினால், உரக்கப் பேசினால், சும்மா மூச்சு விடுவதைவிடப் பல மடங்கு அதிகமாக வெளியே வரும்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய் வந்தது. 2 பேர் இறந்தார்கள். 61 பேர் என்பது நம் வெள்ளிக்கிழமை பூஜைக் கூட்டம் அளவுதான்.

எனவே கமிட்டி ஒரு சிறு செலவு செய்யட்டும்: கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்று. கையடக்கமானது, இணையத்தில் வாங்கலாம். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு காட்டும். மண்டபத்தில் அது 800 காட்டினால், நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 100இல் 1 பங்கு அடுத்தவர் நுரையீரலில் இருந்து வந்த காற்று. இப்போதே ஒரு கல்யாணத்தன்று, சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வைத்துப் பாருங்கள். பிறகு எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் கமிட்டியில் பாதி வாதம் அடங்கிவிடும் என்று நம்புகிறேன். காற்றில் பரவும் எந்த நோய்க்கும் என் வரிசை இது: மண்டபத்துச் சாப்பாடு முதலில் போக வேண்டும், பொட்டலம் கட்டிக் கொடுங்கள். அடுத்து உள்ளே பாடும் பஜனை. அலகு குத்துவதை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்பவர்களைக் குறைத்து, நல்ல முகக்கவசம் போட வையுங்கள். ஊர்வலமும் கொடியேற்றமும் கடைசி.

அப்படியானால் ஆள் எண்ணிக்கை முக்கியம் இல்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான், ஆனால் '50 பேர்' என்ற எண்ணுக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. நம் பகுதியில் 1000 பேரில் ஒருவருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 பேர் கூடினால், அதில் ஒருவராவது தொற்றோடு வந்திருக்க 100க்கு 5 வாய்ப்பு. 1000 பேர் கூடினால் 63. தொற்று ஏறி 100 பேரில் ஒருவருக்கு என்றாகிவிட்டால், அதே 50 பேர் கூட்டத்துக்கே 100க்கு 40 வாய்ப்பு வந்துவிடும். ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் நான் 'கேட்டைப் பூட்டு' கட்சிதான். முன்கூட்டியே செய்ய வேண்டும். தொற்று மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, தொற்றியவர் இறக்க மூன்று வாரம் ஆகிறது என்று கொள்ளுங்கள். முதல் சாவு காதில் விழும் நாளில் தொற்று 128 மடங்கு ஆகியிருக்கும். 1918 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம், ஃப்ளூ பரவிக்கொண்டிருந்தும், போர்க்கடன் திரட்டப் பெரிய ஊர்வலம் நடத்தியது. சில நாளில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் நகரம் முதல் நோயாளிகளைக் கண்ட இரண்டே நாளில் பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாம் மூடியது. அங்கே சாவு உச்சத்துக்குப் போனபோதும் ஃபிலடெல்ஃபியாவின் உச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான். கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் செயின்ட் லூயிஸிலும் ஏறியது, அதையும் மறைக்கக் கூடாது. அதே ஃப்ளூ நம் நாட்டில் சில வாரங்களில் ஏறக்குறைய 3 லட்சம் பேரைக் கொண்டுபோனது. 1919ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சரி, முன்கூட்டிச் செய்வது என்றால் மக்கள் நம்ப வேண்டும். நம்பிக்கை எங்கே உடைந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். 2020 ஜூலை 12 அன்று, உள்ளூர் மினிபஸ் டாக்சிகள் ஜன்னலைத் திறந்துகொண்டு முழு ஆட்களை ஏற்றலாம் என்றார்கள். அதே சமயம் வேறு வீட்டில் இருக்கும் பாட்டியைப் போய்ப் பார்ப்பது தடை. டாக்சிக்குக் காரணம் இருந்தது, வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் அந்தக் காரணம் ஜனங்களிடம் போய்ச் சேரவில்லை. டிசம்பர் கடைசியில் டர்பன் கடற்கரைகளை மூடினார்கள். காற்றடிக்கும் வெட்டவெளியை மூடியது தவறு என்பது என் கருத்து. அதே டிசம்பர் 28 அன்று சவ அடக்கம் தவிர எல்லாக் கூட்டங்களுக்கும் தடை வந்தது, வழிபாட்டுக்கும் சேர்த்து. ஜனவரி 15 வரை என்றார்கள், நீட்டித்தார்கள். 2021 ஜனவரி 28 தைப்பூசம் தடைக்குள் விழுந்தது. பிப்ரவரி 1 அன்று உள்ளே 50, வெளியே 100 என்று வழிபாட்டைத் திறந்தார்கள். நான்கு நாள் வித்தியாசம். அன்று உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், கோயில் முற்றத்தில் நிற்கக் கூடாது என்று இருந்தபோது உங்கள் கமிட்டிக்காரர்களுக்கு வந்த ஆத்திரம் நியாயமானது. அந்த வாரங்களில் பீட்டா வகை வைரஸ் நம் மாகாணத்தில் மருத்துவமனைகளை நிரப்பிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

சட்டப்படி, 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அரசு போடும் தடையைவிடத் தளர்வாக நீங்கள் நடக்க முடியாது, கடுமையாக நடக்கலாம். 2020 ஏப்ரல் 30 அன்று, பள்ளிவாசலில் கூடித் தொழ அனுமதி கேட்ட வழக்கைப் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, தடை நியாயமானதே என்றது. அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி ஜூன் 2 அன்று ஊரடங்கு விதிகள் பலவற்றைப் பகுத்தறிவுக்குப் பொருந்தாதவை என்றார். 2021இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. நீதிபதிகளே ஒரே மாதிரி பார்க்கவில்லை. உங்கள் கமிட்டி பிரிந்ததில் வெட்கப்பட எதுவும் இல்லை. அரசியல் சாசனத்தின் 36ஆம் பிரிவு ஒரு உரிமையைக் குறைக்கும்போது கேட்கச் சொல்லும் கேள்விகளை அப்படியே கமிட்டி விதியில் எடுத்துக்கொள்ளுங்கள்: எதற்காகக் குறைக்கிறோம், இந்தத் தடை அதைச் சாதிக்குமா, இதைவிடக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி உண்டா? என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: எந்தத் தடையும் 14 நாளுக்கு மேல் தானாக ஓடக் கூடாது. மறுபடி கூடி, காரணத்தை எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகே நீட்டிக்க வேண்டும்.

இனி சாவு வீடு. இதற்கு ஏன் தனி விதி வேண்டும் என்றால், திருவிழா அடுத்த வருஷம் வரும். அப்பாவின் அடக்கம் திரும்ப வராது. அதே நேரம் 2020 மார்ச்சில் கிழக்குக் கேப் மாகாணத்தில் போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கத்துச் சவ அடக்கங்களில் இருந்து நோய் ஊர் ஊராகப் போனது. அழுகிறவரைக் கட்டிப்பிடிக்காமல் யாரால் இருக்க முடியும்? ஆகவே நான் சடங்கில் கைவைக்கச் சொல்ல மாட்டேன், சுற்றி இருப்பதில்தான் கைவைப்பேன். உடலை லவுஞ்சுக்குள் வைத்து, கதவைச் சாத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தேவாரம் பாடுவது வேண்டாம். முற்றத்தில் பக்கத் துணி இல்லாத டென்ட் போட்டு வையுங்கள். முந்தின இரவு விழித்திருக்கும் கூட்டமும், தகனம் முடிந்து வீட்டில் நடக்கும் சாப்பாடும் முதலில் விட வேண்டியவை. பார்க்க வருகிறவர்கள் நேரம் பிரித்து வரட்டும். கருமாதியை வீட்டு ஆட்களோடு முடித்துக்கொண்டு, உறவுக்காரர்களை ஒரு மாதம் கழித்து அழைக்கலாம். குளிப்பாட்டுவது நோயைப் பொறுத்தது. கோவிடில், கையுறையும் கவசமும் போட்டால் அது பெரிய ஆபத்து இல்லை. எபோலா போல உடல் நீரால் பரவும் நோய் என்றால், பயிற்சி பெற்றவர்கள் தவிர யாரும் தொடக் கூடாது. அப்போது தள்ளி நின்று ஓதுவதற்கும் மூடிய பெட்டிமேல் மாலை வைப்பதற்கும் இடம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

'அம்மன் பார்த்துக்கொள்வாள்' என்கிற பெரியவர்களிடம் நான் மருத்துவம் பேச மாட்டேன். அவர்கள் வீட்டிலேயே பார்த்ததைக் கேட்பேன். அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை, கிடைக்காவிட்டால் சிரிங்கா இலை செருகுவார்கள். வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, வீட்டு ஆள் கல்யாணத்துக்குப் போகக் கூடாது, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை. தள்ளி இருப்பதும் அம்மனுக்குச் செய்யும் மரியாதையாகவே நம் வீடுகளில் இருந்தது. இதை அவர்கள் வாயாலேயே கமிட்டியில் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், பணம். திருவிழா நின்றால் மேளக்காரர், பூ கட்டுபவர், சமையல்காரர், டென்ட் போடுபவர் எல்லாருக்கும் அந்த மாத வருமானம் போய்விடும். நிறுத்து என்று சொல்வதற்கு முன், பேசிய தொகையில் பாதியாவது கொடுக்க ஒரு நிதி ஒதுக்கி வையுங்கள். அது இல்லாமல் கடுமையான தடை போட கமிட்டிக்குத் தகுதி இல்லை என்றே சொல்வேன்.

நேர்ந்துகொண்டவர்கள் என்ன செய்வது என்பதையும் விதியில் சேருங்கள். தைப்பூசக் காவடி தடைபட்டால் அதே நேர்த்தியைப் பங்குனி உத்திரத்திலோ சித்திரைப் பருவத்திலோ செலுத்தலாம் என்று குருக்களைக் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்; இரண்டுக்கும் டர்பன் கோயில்கள் பலவற்றில் காவடி உண்டு. விரதத்தை வீட்டில் முடித்து, பால்குடத்தை மட்டும் தனியாகக் கொண்டுவந்து கொடுக்க, குடும்பத்துக்கு ஒரு நேரம் என்று பட்டியல் போடலாம். அந்தப் பட்டியலை யார் போடுவது, யாருக்கு ஃபோன் செய்வது என்பதையும் பெயரோடு குறித்துவிட்டு, அடுத்த பொதுக்குழுவில் வாசியுங்கள்.