காபனுக்கு நான்கு கைகள்: சேதன இரசாயனக் கேள்வி பதில்

சேதன இரசாயனம், அதாவது காபன் சேர்வைகளின் இரசாயனம், பற்றிக் கொழும்புப் பிள்ளைகளும் ஒரு தாயும் கேட்டவற்றுக்கு, இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் பதில்கள்.

மிஸ், சேர்வைகளின் பெயர்களையே பாடமாக்க முடியவில்லை. எங்கே தொடங்குவது? (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவன்)

பெயரில் தொடங்காதீர்கள் தம்பி, படத்தில் தொடங்குங்கள். காபனுக்கு நான்கு கைகள், அதாவது நான்கு பிணைப்புகள். ஒன்றும் சும்மா இருக்கக்கூடாது. இந்த ஒரு விதியோடு காபன் 4, ஐதரசன் 10 என்று எடுத்துக் கொப்பியில் வரைந்து பாருங்கள். நேர்ச் சங்கிலி ஒன்று வரும், கிளை விட்டது ஒன்று வரும். முதலாவது பியூட்டேன், பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதிக்கும். மற்றது 2-மெதயில்புரொப்பேன், மறை 12 பாகை செல்சியஸில் கொதிக்கும். அணுக்கள் அதே எண்ணிக்கைதான், ஆனால் பொருள் வேறு. இவைதான் சமபகுதியங்கள்.

அடுத்துக் காபன் 5 எடுத்தால் மூன்று வரும், 6 எடுத்தால் ஐந்து வரும். ஆறுக்கு ஏழோ எட்டோ வந்தால், ஒரே சங்கிலியை வளைத்து வரைந்து புதிது என்று எண்ணியிருப்பீர்கள். களிமண் உருண்டையும் ஈர்க்கும் எடுத்துச் செய்து, கையில் திருப்பிப் பாருங்கள். அரை மணித்தியாலம் போகும், ஆனால் பிறகு மறக்காது.

எக்சேனுக்குள் புரோமீன் விட்டு யன்னலோரம் வைத்தோம், நிறம் மங்கியது. அப்போ அதுவும் நிரம்பாததா? (பம்பலப்பிட்டி)

இல்லை. காபன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு போன்றது இருந்தால்தான் நிரம்பாதது; அதுதான் புரோமீனின் நிறத்தைத் தானே நீக்கும். எக்சேனின் ஆறு காபனும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்தவை, அது நிரம்பியது. ஆனால் வெயில் பட்டால் ஐதரசன் ஒன்று விலகி அந்த இடத்தில் புரோமீன் ஏறும், அது பிரதியீடு. இரட்டைப் பிணைப்பு உள்ள அற்கீன் இருட்டிலேயே உடனே நிறத்தை நீக்கும். ஒன்றும் விலகாமல் புரோமீன் வந்து சேரும், அது கூட்டல். சோதனையை நிழலில் செய்யுங்கள்.

தேங்காய் எண்ணெய் நிரம்பிய கொழுப்பு என்கிறார்கள். நுவரெலியாவில் உறைகிறது, எங்கள் வீட்டில் தண்ணீராக நிற்கிறதே? (தெகிவளை)

நல்ல கேள்வி பிள்ளை. நிரம்பியது என்றால் திண்மமாகத்தான் இருக்கும் என்றில்லை, சங்கிலியின் நீளத்தையும் பார்க்கவேண்டும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அதில் காபன் 12. அது 44 பாகையில் உருகும். மாட்டுக் கொழுப்பில் இருக்கும் ஸ்டியரிக் அமிலத்தில் காபன் 18. அது உருக 69 பாகை வேண்டும். சங்கிலி நீள நீள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். பல அமிலங்கள் கலந்த தேங்காய் எண்ணெய் 24 பாகையளவில் உறையும். கொழும்பில் அந்தக் குளிர் எங்கே?

2021 கடைசியில் எரிவாயு விபத்துகள் நடந்தபோது புரொப்பேன், பியூட்டேன் விகிதம் என்று பேசினார்களே. அதனால் என்ன? (வெள்ளவத்தை, ஒரு தாய்)

அம்மா, சமையல் எரிவாயு இந்த இரண்டின் கலவை. புரொப்பேனில் காபன் 3, பியூட்டேனில் 4. புரொப்பேன் மறை 42 பாகையிலேயே கொதித்துவிடும். நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆகவே கலவையில் புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். வால்வும் குழாயும் அதைத் தாங்கவேண்டும்.

இரண்டு வாயுவுமே காற்றைவிடப் பாரமானவை, கசிந்தால் தரையோடு படியும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறவுங்கள். அந்த மணமும் வாயுவின் சொந்த மணம் இல்லை. கசிவு தெரியட்டும் என்று கந்தகம் உள்ள ஒரு சேர்வையைச் சேர்த்திருப்பார்கள்.

எதனோலில் ஒரு காபனைக் குறைத்தால் மெதனோல். அது மட்டும் ஏன் பார்வையைப் பறிக்கிறது? (மட்டக்குளி, உயர்தர மாணவி)

இதை எல்லாப் பிள்ளைகளும் தெரிந்திருக்கவேண்டும் என்பது என் விருப்பம். ஈரலில் ஒரே நொதியம்தான் இரண்டையும் ஒட்சியேற்றுகிறது. சாராயத்தில் இருக்கும் எதனோல் கடைசியில் எதனோயிக் அமிலமாகும், அதாவது நம் வினாகிரியில் இருப்பது. அதை உடல் எரித்துவிடும். மெதனோல் முதலில் மெதனலாகவும் பிறகு மெதனோயிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலத்தை உடல் மெதுவாகத்தான் அகற்றும். அது தேங்கிப் பார்வை நரம்பைத் தாக்கும்.

குடித்தவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணித்தியாலம் கழித்தே பார்வை மங்கும். மெதனோல் கலந்திருக்கக்கூடிய கள்ளச் சாராயம் குடித்தவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே அந்த நொதியத்தைத் தடுக்க மருந்து உண்டு.