படிப்பை விட்டால் நீல் யங் ஆகிவிடலாமா?

கேள்வி: என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்பை விட்டுவிட்டு கிடாரோடு போகப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறான். கேட்டால், கனடாவின் ராக் பாடகர் நீல் யங்கும் பள்ளியைப் பாதியில் விட்டவர்தான் என்கிறான். என் கணவர் கிடாரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். என்ன செய்வது?
– ஒரு தாய், திருச்சி

பதில்: சகோதரி, முதலில் கிடாரை வெளியே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பூட்டுப் போட்டுத் தீர்கிற வழக்கு இல்லை இது.

மகன் சொல்வது உண்மைதான். ஆனால் தனக்கு வசதியான வரியை மட்டும் உருவிக்கொண்டிருக்கிறான். வின்னிபெக்கில் பள்ளியை விட்டபோது நீல் யங் வெறுங்கையோடு நிற்கவில்லை. ‘ஸ்கொயர்ஸ்’ என்ற குழுவோடு ஊர் மன்றங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 1963-லேயே இசைத்தட்டு ஒன்றும் வந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் உலகமே அடையாளம் கண்டுகொண்ட அந்தக் கீச்சுக்குரல் அதில் இல்லை. இரண்டு பக்கமும் வெறும் வாத்திய இசை.

பெற்றோர் பிரிந்துவிட்ட வீடு. ஐந்து வயதில் போலியோ வந்து பிழைத்த பிள்ளை. அம்மா ராஸி அவர் பக்கம் உறுதியாக நின்றார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைத்தான் உங்கள் மகன் படிக்க வேண்டும். குழு பயணம் செய்தது ஒரு பழைய அமரர் ஊர்தியில். சவப்பெட்டியை நகர்த்த உள்ளே உருளைகள் இருக்கும் அல்லவா, வாத்தியங்களை ஏற்றி இறக்க அவை தோதாக இருந்தன. 1965-ல் அந்த வண்டி நடுவழியில் படுத்துவிட்டது. டொராண்டோவில் தனியாகப் பாடிப் பார்த்தார், எடுபடவில்லை. அடுத்துச் சேர்ந்த குழு டெட்ராய்ட் போய்ப் பாட்டுப் பதிவு செய்தது. கூடப் பாடியவர் கடற்படையிலிருந்து ஓடிவந்தவர் என்று தெரிந்ததும் அதுவும் கலைந்தது. 1966-ல் இன்னொரு அமரர் ஊர்தியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே போக்குவரத்து நெரிசலில் அந்த விசித்திர வண்டியைப் பார்த்துத்தான் பழைய நண்பர் ஸ்டீபன் ஸ்டில்ஸ் அடையாளம் கண்டார். ‘பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட்’ குழு பிறந்தது. இது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்வோம். ஆனால் அதிர்ஷ்டம் வந்தபோது கையில் தொழில் இருந்தது. ‘ஹார்வெஸ்ட்’ தொகுப்பு அவரைப் பெரும் புகழில் ஏற்றியது 1972-ல்தான்.

ஆகவே மகனிடம் பட்டப்படிப்பின் பெருமையைப் பேசாதீர்கள், காதில் ஏறாது. சொந்தமாக எத்தனை பாட்டு எழுதியிருக்கிறாய், கூட வாசிக்க யார் இருக்கிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கடைசியாக எப்போது வாசித்தாய் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொன்னால், படிப்பை அறவே விடாமல் ஒரு வருட இடைவெளி எடுக்க வழி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த வருடம் அவன் செலவை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

மென்று விழுங்கினால், மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அரியர் குவிந்து கிடந்தால், பையன் ஓட நினைப்பது கிடாரை நோக்கி அல்ல, தேர்வு அறையிலிருந்து. அப்படியானால் திட்டாமல் உட்கார்ந்து, எந்தப் பாடம் புரியவில்லை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.