பால்பண்ணை வேலையிலிருந்து கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை): முதலில் வேலைக் குறியீட்டைப் பாருங்கள்

வணக்கம். நியூ பிரன்ஸ்விக் பால்பண்ணையில் 14 மாத அனுபவம், வேலை பெர்மிட்டில் 85100 என்ற வேலைக் குறியீடு, பண்ணை, உணவுத் துறைத் தொழிலாளர்களுக்குப் பிஆர் தரும் அக்ரி-ஃபுட் பைலட் திட்டத்தில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது 2025 மே 14-ல் முடிந்துவிட்டது. இன்னும் அதில் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஏஜென்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மாகாணத்தில் அடுத்து பார்க்க வேண்டியது, முதலாளியின் வேலை வாய்ப்பை வைத்துப் பிஆர் தரும் அட்லாண்டிக் குடியேற்றத் திட்டம். சிக்கல் குறியீட்டில்தான். 85100 என்பது டீயர் 5, அதாவது கனடாவின் 0 முதல் 5 வரையான வேலைத்திறன் நிலைகளில் கடைசி நிலை. இத்திட்டம் 0 முதல் 4 வரைதான் ஏற்கும், அனுபவத்துக்கும் அதே விதி. தீவனம் போடுவது, கொட்டகை கழுவுவது 85100. நோய் கண்டறிவது, கன்று ஈனும்போது உதவுவது, சினை, கறவைப் பதிவேடு எழுதுவது, இயந்திரம் பராமரிப்பது 84120, அதாவது டீயர் 4. அந்தப் பொறுப்பை முதலாளி உண்மையிலேயே தருவாரென்றால், முதலில் பெர்மிட்டை மாற்றுங்கள். கடிதத்தில் மட்டும் மாற்றி எழுதினால் பெர்மிட்டோடு முரண்பட்டு மாட்டிக்கொள்வீர்கள், தயவுசெய்து வேண்டாம்.

பிறகு அந்த வேலையில் 12 மாதம், 1,560 மணிநேர அனுபவம் வேண்டும். வாரம் 60 மணிநேரம் உழைத்தாலும் 12 மாதம் குறையாது. முதலாளி மாகாணத்தில் பதிவு பெற்றவராகவும், வேலை நிரந்தரமானதாகவும் இருக்க வேண்டும். இந்த ஆண்டு ஒதுக்கீடு மீதமிருக்கிறதா என்று அவரையே மாகாணத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் தேர்வில் கேட்டல் 4.5, வாசிப்பு 3.5, எழுத்து 4, பேச்சு 4 போதும். பிளஸ் டூ சான்றிதழ் கனடா படிப்புக்குச் சமம் என்று காட்டும் மதிப்பீட்டை இப்போதே தொடங்குங்கள், அது 5 ஆண்டு செல்லும்.