சீதன வீட்டுக்குக் கையெழுத்து வைக்காவிட்டால் பாவமா?

கேள்வி: பெற்றோர் எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டை விற்று, தன் தம்பியைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் கணவர். யோசிக்க அவகாசம் கேட்டால், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பைபிள் வசனத்தைக் காட்டி "எபேசியர் 5:22ஐ வாசி" என்கிறார். சபையிலும் கீழ்ப்படியத்தான் சொல்கிறார்கள். கையெழுத்து வைக்காவிட்டால் பாவமா? (மானிப்பாய் வாசகி)

பதில்: பாவமில்லை, சகோதரி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

அவர் காட்டும் வசனத்துக்கு ஒரு வசனம் மேலே பாருங்கள். "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் பவுல் மனைவியரிடம் வருகிறார். அப்புறம் 25ஆம் வசனத்தில், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல மனைவியிடம் அன்புகூரும்படி கணவர்மாருக்குச் சொல்கிறார். மனைவியைக் கீழ்ப்படிய வைக்கும் வேலையை அவர் எந்தக் கணவனிடமும் ஒப்படைக்கவில்லை. உங்கள் கணவர் வாசிக்க வேண்டியது 25ஆம் வசனம்.

காணி விற்ற ஒரு தம்பதியின் கதை அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அனனியா நிலத்தை விற்று, ஒரு பங்கை ஒளித்துவிட்டு, முழுப் பணமும் இதுதான் என்று அப்போஸ்தலரிடம் காட்டினான். மனைவி சப்பீராளுக்கும் அது தெரியும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து அவள் தனியே வந்தபோது பேதுரு அவளிடம் நேரடியாகவே கேட்டார்: நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்? ஆம் என்று பொய் சொன்ன அவளும் கணவனைப்போலவே விழுந்து உயிர்விட்டாள்; கணவன் பேச்சுக்கு ஒத்துப்போனவள் என்று அவளுக்கு விலக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய மனச்சாட்சிக்கு அவளே பொறுப்பு. உங்கள் கையெழுத்துக்கும் அப்படித்தான்.

சட்டமும் இதில் உங்கள் பக்கம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி சீதனம் மனைவியின் தனிச் சொத்து. வீட்டின் உறுதிப் பத்திரம் உங்கள் பேரில் இருந்தால் நீங்கள் ஒப்பமிடாமல் வீட்டை விற்க முடியாது. நீங்கள் விற்பதானால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் தன் காணியை விற்க உங்கள் சம்மதம் வேண்டியதில்லை என்பது எனக்கு உடன்பாடில்லாத ஓரவஞ்சனை.

இதற்காகக் கீழ்ப்படிதலையே தூக்கி எறியச் சொல்லவில்லை. கொழுந்தனாரின் கஷ்டத்தை மனதார விசாரியுங்கள். முறையான விசாவா, ஏஜென்ட் வழியா? எவ்வளவு பணம், திருப்பித் தருவது யார்? வீட்டை விற்காமல் வாடகைக்குக் கொடுத்து உதவலாமா? "மாட்டேன்" என்பதைவிட "இவ்வளவு செய்யலாம், வீட்டை விற்க மாட்டேன்" என்று சொல்வது நல்லது. விட்டுக்கொடுக்க முடிந்ததை மனதோடு கொடுங்கள். சரி, பேச்சு முடியும்வரை நொத்தாரிசிடம் போகாதீர்கள். வெற்றுத் தாளிலோ, உங்களுக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் அற்றோர்னி தத்துவத்திலோ ஒப்பமிடவே வேண்டாம்.

போதகரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் 21 முதல் 33 வரை முழுவதும் சத்தமாக வாசிக்கக் கேளுங்கள். 1 பேதுரு 3:7ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மனைவிக்குரிய கனத்தைக் கொடாவிட்டால் கணவனின் ஜெபம் தடைப்படும் என்று அங்கே இருக்கிறது. அதைப் பிரசங்கத்தில் ஏன் இவ்வளவு அரிதாகக் கேட்கிறோம் என்பது என் மனத்தாங்கல்.

மிரட்டலோ அடியோ வந்தால் பொறுத்துப் போவது கீழ்ப்படிதல் ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உறுதியின் மூலப்பிரதியை இப்போதே நம்பிக்கையான இடத்தில் வைத்துவிடுங்கள்.