குரூப் போட்டோவில் என் முழங்கை மட்டும்

கேள்வி: கோவை பக்கம் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருடமாக சைடர் வேலை (நூற்பு மெஷினில் அறுந்த நூலை இணைப்பது) பார்க்கிறேன். வயது 43. கான்ட்ராக்ட்தான். போன ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது, பொரிகடலை பங்கிட்டது எல்லாம் நாங்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும், "கான்ட்ராக்ட் ஆளுங்க கொஞ்சம் ஒதுங்குங்க, உங்களை அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அந்த அப்புறம் வரவேயில்லை. படத்தைப் பெரிதாக்கி கேட் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரிகிறது. ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது. ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. "ஒரு போட்டோவுக்கா இப்படி?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். நான்தான் அற்பமாக நடந்துகொள்கிறேனா?

பதில்: இல்லை சகோதரி. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருமுறை பூங்காவில் இருந்தபோது, முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிய பிளாஸ்டிக் தட்டு அவரிடம் வந்து விழுந்தது. திருப்பி எறிந்தார். அவர்களும் இவரை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், மனிதருக்குச் சுருக்கென்றது. அதையே பிற்பாடு கணினியில் பந்து விளையாட்டாக்கிச் சோதித்தார். எதிரே ஆடுவது ஆளில்லை, வெறும் கணினி என்று முன்பே சொல்லியும், பந்து வராதவர்களுக்கு மனம் நொந்தது. 2004இல் வெளியான ஆய்வு இது. கணினி ஒதுக்கியதற்கே அப்படி என்றால், ஒன்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் ஒதுங்கச் சொன்னால் வலிக்காதா?

ஆனால் வலி படத்தினால் மட்டும்தானா? "கான்ட்ராக்ட்தான்" என்று நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம். பல வருடம் விழுங்கியதெல்லாம் அந்தப் படத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வேலை நிரந்தரமாவது தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ கேட்க வேண்டியது. மனதைத் தேற்றிக்கொண்டு மறக்க வேண்டிய விஷயமே இல்லை. படம் சின்னது. "அப்புறம் எடுக்கலாம்னீங்களே, எப்போ சார்?" என்று சூப்பர்வைசரிடம் நேராகவே கேளுங்கள். அவர் மறந்தே போயிருக்கலாம். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

தூக்கத்தை இதற்குமேல் விட்டுவைக்காதீர்கள். 14416 எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசகரிடம் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அப்புறம், படத்தில் இருக்கும் அந்த முழங்கையை வீட்டுக்காரர் பார்த்திருக்கிறாரா? ஒருநாள் கேட் வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.