ஏடாஸ் உள்ள காருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சார், நான் திருச்சி. வேலை விஷயமாக அடிக்கடி சென்னை போய்வர வேண்டும், பெரும்பாலும் இரவுப் பயணம்தான். புதுக் கார் எடுக்கப் போகிறோம். ஏடாஸ் (கேமரா, ரேடார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) உள்ள வேரியன்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஷோரூமில் “கார் பாதி தானாகவே ஓடிவிடும்” என்கிறார்கள், நண்பர்களோ “நம்ம ஊர் ரோட்டுக்கு அதெல்லாம் வேஸ்ட்” என்கிறார்கள். 67 வயதான அப்பாவும் உள்ளூரில் ஓட்டுவார். வாங்கலாமா?

வாங்குங்கள். ஆனால் ஷோரூமில் சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள். நம் ஊரில் இப்போது கிடைக்கும் கார்களில் இருப்பது லெவல் 1 அல்லது லெவல் 2 ஏடாஸ்தான். கார் எந்த அளவுக்குத் தானாக ஓடும் என்பதைச் சொல்லும் அந்த அளவுகோல் 0 முதல் 5 வரை போகும், அதில் 2 வரைக்கும் ஓட்டுநர் நீங்கள்தான். கண் ரோட்டில் இருக்க வேண்டும், கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், இடித்தால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

ஏடாஸ் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே ஏழெட்டு வசதிகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மதிப்புடையவை இல்லை. பணம் கொடுக்கத் தகுந்தது முதலில் தானியங்கி அவசர பிரேக். முன்னால் போகிற வண்டி சட்டென்று நிற்கிறது, உங்கள் கவனம் ஒரு நொடி வேறெங்கோ போய்விட்டது, அப்போது முதலில் பீப் அடித்து, நீங்கள் அசையாவிட்டால் காரே பிரேக்கைப் பிடிக்கும். காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ், உண்மையில் நடந்த விபத்துகளை வைத்துப் பார்த்ததில், இந்த வசதி உள்ள கார்கள் முன் வண்டியின் பின்னால் போய் இடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. வெறும் எச்சரிக்கை ஒலி மட்டும் இருந்த கார்களில் குறைந்தது 27 சதவீதம்தான். அதனால் “எச்சரிக்கை மட்டுமா, பிரேக்கும் பிடிக்குமா” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: பைக்கையும் நடந்து போகிறவரையும் அது அடையாளம் காணுமா? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1.68 லட்சம் பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். காரை மட்டும் பார்க்கிற பிரேக் நமக்குப் பாதிப் பயன்கூடத் தராது.

இனி உங்கள் இரவுப் பயணத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பெரம்பலூர், தொழுதூர், உளுந்தூர்பேட்டை என்று போகிற அந்த நான்குவழிச் சாலையில் ராத்திரி உங்களுக்கு உள்ள பெரிய ஆபத்து, ஓரத்தில் பாதி ரோட்டை அடைத்தபடி பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாமல் நிற்கிற லாரி. ஏடாஸ் மிகவும் தடுமாறுகிற இடமும் அதுதான். ரேடாருக்கு நகர்கிற பொருளைப் பிரித்தறிவது சுலபம். நின்றுகொண்டிருப்பதைப் பொறுத்தவரை மேலே தொங்குகிற வழிகாட்டிப் பலகை, பாலம், மீடியன் கம்பி எல்லாமே அசையாத பொருளாகத்தான் அதற்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருகிற பஸ் உங்கள் மேல் ஏறிவிடும், அதனால் அசையாதவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரிதான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். மிச்சத்தைக் கேமரா பார்க்க வேண்டும், அதற்கோ வெளிச்சம் வேண்டும். பாதசாரிகளுக்கான பிரேக்கிலும் இதே கதைதான்: மொத்தத்தில் அந்த விபத்துகள் 27 சதவீதம் குறைந்ததாகச் சொல்லும் அதே ஐஐஎச்எஸ், தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்கிறது.

லோ பீம் வெளிச்சத்தில் இருண்ட பொருள் ஒன்று சுமார் 60 மீட்டர் தூரத்தில்தான் கண்ணுக்குப் படும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் சுதாரித்து பிரேக் பிடித்து நிற்க 90 மீட்டர் வேண்டும், 80-இல் 65 மீட்டர். எந்த ஏடாஸும் இந்தக் கணக்கை மாற்றாது. காரில் இருக்கிறதே என்ற தைரியத்தில் இரவில் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

கார் கோட்டைத் தாண்டாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும் லேன் கீப் அசிஸ்ட்டுக்காக நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர மாட்டேன். வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கிற நெடுஞ்சாலையில் கண் அசந்துபோகிறவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பள்ளத்துக்கோ சைக்கிளுக்கோ ஒதுங்க நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று திருப்பும்போது ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும், பழகாதவர் பதறிவிடுவார். ஊருக்குள் அணைத்து வையுங்கள். சில கார்களில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது தானாக ஆன் ஆகிவிடும், டெஸ்ட் டிரைவிலேயே இதைப் பாருங்கள். முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் நீண்ட பயணத்தில் கால்வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். அது விடுகிற இடைவெளியில் யாராவது நுழைந்துகொண்டே இருப்பார்கள். மேனுவல் கியர் என்றால் டிராஃபிக்கில் நின்று நின்று கிளம்புகிற வேலையை அது செய்யாது.

அப்பாவுக்கு உண்மையில் பயன்படப் போவது கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு வண்டியைச் சொல்கிற பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும், ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருகிற வண்டியைச் சொல்கிற வசதியும். கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சிரமப்படுகிற வயதில் இவை பெரிய துணை. இதற்குப் பின் பம்பரின் இரு மூலைகளிலும் ரேடார் வேண்டும், எல்லாக் காரிலும் அது கிடையாது. ஹோண்டா சிட்டி, எலிவேட் இரண்டிலும் ஏடாஸ் முன்கண்ணாடிக் கேமராவை மட்டும் நம்பி இயங்குகிறது, பக்கவாட்டுக்கு இடது கண்ணாடியில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். கிரெட்டா, எக்ஸ்யூவி700 போன்றவற்றில் முன்னால் கேமராவோடு ரேடாரும் உண்டு. நீங்கள் பார்க்கிற வேரியன்ட்டில் பின் மூலை ரேடார் இருக்கிறதா என்று பிரோஷரை வாங்கிப் பாருங்கள், விற்பனையாளர் வாய்ச்சொல் போதாது.

பணக் கணக்குக்கு வருவோம். அந்த ஒன்றரை லட்சத்தில் சன்ரூஃப், பெரிய திரை என்று வேறு சாமான்களும் சேர்ந்திருக்கும். கீழ் வேரியன்ட்டிலேயே 6 ஏர்பேக், இஎஸ்சி (கார் சறுக்கும்போது நிலைப்படுத்தும் வசதி), நல்ல எல்இடி ஹெட்லைட் எல்லாம் இருந்து, கையில் பணமும் இறுக்கம் என்றால், கடன் வாங்கியெல்லாம் மேலே போகத் தேவையில்லை. அதில் இஎஸ்சியே இல்லை என்றால் அந்தக் காரையே விட்டுவிடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு, பைக்கைக் காணும் அவசர பிரேக்கும் பின் ரேடாரும் சேர்ந்து வந்தால் நான் கொடுப்பேன்.

பிறகு வரும் செலவையும் இப்போதே கேட்டுவையுங்கள். முன்கண்ணாடியில் கல் பட்டு மாற்றினால் கேமராவை மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும், அந்தக் கட்டணம் எவ்வளவு, இன்சூரன்ஸ் அதைத் தருமா, திருச்சி ஒர்க்‌ஷாப்பிலேயே செய்வார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். ரேடார் இருக்கிற இடத்தில் பம்பருக்குப் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது, கிரில் மேல் கம்பி மாட்டுவது, கேமரா முன்னால் ஸ்டிக்கரோ ஃபிலிமோ ஒட்டுவது எதுவும் கூடாது. டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு இருட்டிய பிறகு போங்கள், எச்சரிக்கை பீப் அவருக்குக் காதில் விழுகிறதா, அதைக் கேட்டு அவர் பதறுகிறாரா என்பதை ஷோரூம் வாசலில் கண்டுபிடிக்க முடியாது.